சூளைக்குப் போகாத பானை

தாராவி கும்பார்வாடா வழியாக நடந்து போகிறவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். வீட்டு வாசலிலும் சந்திலும் பச்சைப் பானைகளும் அகல் விளக்குகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஈரத்தின் கறையும் விரல் பட்ட தடமும் அப்படியே தெரியும். அவற்றைப் பார்த்து, "இது என்ன பானை, நிறமும் இல்லை, தட்டினால் சத்தமும் இல்லை" என்று யாரும் குறை சொல்வதில்லை. சூளைக்குப் போய் வந்த பிறகுதான் பானையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது, சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குயவர் குடும்பங்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு விளக்கு வாங்கப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும்.

ஆனால் 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், உலகம் முழுவதும் எத்தனையோ இளைஞர்கள் சுடாத பானை ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் சரியில்லை" என்று கூச்சல் போட்டார்கள். அந்தப் பானை ஒரு வீடியோ கேம்.

"சங்கப் பத்திரிகையில் வீடியோ கேமுக்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் கேட்கலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் பேசும் பேச்சில் பாதி இதைப் பற்றியதுதான். அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை இதே தொழிலுக்குப் போகப் போகிறார்கள். ஆகவே நடந்ததைத் தெரிந்துகொள்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்த விளையாட்டு?

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்பது இதன் பெயர். பையன்கள் சுருக்கமாக 'ஜி.டி.ஏ.' என்பார்கள். முதல் விளையாட்டு 1997-ல் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் தயாரானது. 2002-ல் வந்த 'வைஸ் சிட்டி', 2004-ல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' இரண்டும் இந்தியாவில் வீட்டுக்கு வீடு நுழைந்தன. இன்று நாற்பதை நெருங்கும் பல பம்பாய்த் தமிழர்கள், பள்ளி விட்டதும் சைபர் கஃபேயில் மணிக்கணக்குக் காசு கொடுத்து 'வைஸ் சிட்டி' ஆடியவர்கள்தான். லேமிங்டன் ரோடு நடைபாதையில் வாங்கிய சி.டி.யை நண்பர்கள் பத்துப் பேர் கைமாற்றிக்கொண்டதும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது குழந்தைகள் விளையாட்டு அல்ல. கார் திருட்டு, துப்பாக்கிச் சண்டை, கொலை, கொள்ளை எல்லாம் இதில் உண்டு. ஐரோப்பாவில் இதற்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான முத்திரை. நம் நாட்டில் சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வெளிவந்தது. மூன்றே நாட்களில் 100 கோடி டாலர் விற்பனை. பின்னர் 20 கோடிப் பிரதிகளையும் தாண்டியது. அதற்குப் பிறகு அடுத்த பாகம் வரவே இல்லை. பள்ளியில் ஐந்தாம் பாகம் ஆடியவன் கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டான். 2022 பிப்ரவரியில்தான், தயாரிப்பாளரான ராக்ஸ்டார் நிறுவனம், "அடுத்ததற்கான வேலை நடக்கிறது" என்று ஒரு வரி அறிவித்தது. ஒன்பது வருடப் பசி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

செப்டம்பர் 18

அந்த ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, முகம் தெரியாத ஒருவர் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வீடியோத் துண்டுகளை இண்டர்நெட்டில் கொட்டினார். எல்லாம் ஆறாம் பாகத்தின் தயாரிப்புக் கட்டத்தில் எடுத்தவை. நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து திருடியவை. மறுநாளே ராக்ஸ்டார் அதை ஒப்புக்கொண்டது. ஊடுருவல் நடந்தது உண்மை, வேலை நிற்காது, ஆனால் இப்படி வெளியே வந்ததில் மிகுந்த வருத்தம் என்று அறிக்கை விட்டது.

அந்த வீடியோக்களில் என்ன இருந்தது? லூசியா என்ற பெண்ணும் ஜேசன் என்ற ஆணும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொள்ளையடிக்கிறார்கள். திரை முழுக்க எண்களும் குறிப்புகளும் ஓடுகின்றன. சில பொருட்களுக்கு வண்ணமே இல்லை. சில சுவர்கள் வெறும் பெட்டிகள். நடப்பவர்களின் கை கால் அசைவு சரியாகப் பொருந்தவில்லை.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார், "லூசியா வருகிறாள், வைஸ் சிட்டி திரும்பி வருகிறது" என்று துள்ளிக் குதித்தார்கள். இன்னொரு சாரார், "ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தானா? ஐந்தாம் பாகத்தின் படமே இதைவிட நன்றாக இருந்ததே!" என்று திட்டினார்கள். அவர்களில் ஒருவர், "விளையாட்டுத் தயாரிப்பில் முதலில் முடிவது படங்கள்தான். இப்போது பார்ப்பதுதான் கடைசியில் வரப்போவது" என்கிற பொருளில் அடித்துச் சொன்னார். அந்தப் பேச்சு உலகம் முழுவதும் பரவியது. தொழில் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஏனென்றால் உண்மை அதற்கு நேர்மாறு.

புள்ளி வைத்த கோலம்

மார்கழி மாதம் நம் வீட்டு வாசலில் கோலம் போடுவதைக் கவனித்தால் இந்தத் தொழில் புரிந்துவிடும். முதலில் புள்ளி. எத்தனை வரிசை, எங்கே முடிகிறது என்று கணக்குப் பார்த்து வைக்கிறார்கள். பிறகு இழை. இழை எல்லாம் சேர்ந்து வடிவம் பிடித்த பிறகுதான் வண்ணப் பொடி. புள்ளி வைத்திருக்கும்போது மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது வெறும் மாவுத் துளிகள்.

வீடியோ கேமிலும் அப்படித்தான். முதலில் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி ஊரை அமைக்கிறார்கள். இந்தப் பெட்டி கடை, அந்தப் பெட்டி கார், அந்த நீளப் பெட்டி பாலம். ஆட்டக்காரன் ஓடினால் தடுக்காமல் ஓட முடிகிறதா, சண்டை போட்டால் சுவாரஸ்யம் இருக்கிறதா, துரத்தும் போலீஸ் சரியாகத் துரத்துகிறதா என்று மாதக்கணக்கில் ஆடிப் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் பெட்டியை நகர்த்தினால் போதும். முதலிலேயே தங்கமும் வெள்ளியுமாக இழைத்துவிட்டால், பிறகு ஒரு தெருவை மாற்றுவதற்கு ஒரு வருட உழைப்பைக் குப்பையில் போட வேண்டும். அதனால்தான் வெளிச்சம், நிழல், தண்ணீரின் பளபளப்பு, முகத்தின் சுருக்கம் எல்லாம் பெரும்பாலும் பிற்பாடு வருகின்றன.

நம் ஸ்தபதிகளும் இந்த முறையை அறிந்தவர்களே. விக்கிரகத்துக்குக் கண் திறப்பது கடைசியில்தான். அதுவரை அது கல். லால்பாக் ராஜாவுக்கும் சதுர்த்திக்குச் சில நாட்கள் முன்புதான் திரை விலகுகிறது. செம்பூர் திலக் நகரில் கோயில் போலவும் அரண்மனை போலவும் எழும்பும் கணபதிப் பந்தலை, மூங்கில் கட்டும் நாளில் போய்ப் பார்த்துவிட்டு யாராவது தீர்ப்புச் சொல்வார்களா?

கைவேலைக்காரர்கள் சொன்ன பதில்

கேலி அதிகமானபோது, வேறு நிறுவனங்களில் வேலை செய்யும் விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் ஓர் அழகான காரியம் செய்தார்கள். போட்டி நிறுவனம் அவமானப்படுகிறதே என்று மகிழாமல், தங்கள் பழைய அலங்கோலங்களைத் தாங்களே வெளியிட்டார்கள்.

படங்களின் அழகுக்காகவே பரிசுகள் வாங்கிய 'கண்ட்ரோல்' என்ற 2019-ம் ஆண்டு விளையாட்டின் வடிவமைப்பாளர் ஒருவர், அதன் தொடக்க கால வீடியோவைப் போட்டார். பார்த்தால் வெறும் பெட்டிகள்! 2016-ல் வந்த 'அன்சார்ட்டட் 4'-ல் புகழ்பெற்ற கார் துரத்தல் ஒன்று உண்டு. அதுவும் முதலில் வண்ணமில்லாத கட்டங்களுக்கு நடுவேதான் ஓடியது என்பதை அதில் வேலை செய்தவரே காட்டினார். இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். சண்டை பிடிக்கவில்லை, சாட்சி சொன்னார்கள். "எங்கள் பானையும் முதலில் இப்படித்தான் இருந்தது" என்று நாலு குயவர்கள் வந்து நின்றால் அதற்கு மேல் பேச்சு ஏது?

பிறகு 2023 டிசம்பரில் ஆறாம் பாகத்தின் முதல் அதிகாரபூர்வ முன்னோட்டம் வந்தது. அதுவும் ஒரு நாள் முன்னதாகவே கசிந்துவிட, நிறுவனம் அவசரமாக வெளியிட வேண்டியதாயிற்று. முதல் 24 மணி நேரத்தில் யூடியூபில் 9 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. கடற்கரை, கூட்டம், மாலை வெயில், தலைமுடியின் அசைவு என்று ஒவ்வொன்றையும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். பதினைந்து மாதம் முன்பு கேலி செய்த அதே லூசியாதான்!

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

ரசிகன் குறை சொல்லக் கூடாதா?

சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எதை, எப்போது என்று ஒரு கணக்கு இருக்கிறது.

ஜி.டி.ஏ. கசிந்த இரண்டே வாரத்தில், 2022 அக்டோபர் 2-ந் தேதி, 'ஆதிபுருஷ்' படத்தின் டீசரை அயோத்தியில் விழா வைத்து வெளியிட்டார்கள். கிராபிக்ஸ் வீடியோ கேம் போல, கார்ட்டூன் போல இருக்கிறது என்று நாடு முழுவதும் எதிர்ப்பு. 2023 ஜனவரியில் வரவேண்டிய படம் ஜூனுக்குத் தள்ளிப்போனது. இரண்டு கூச்சலும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. 'ஆதிபுருஷ்' படக்குழு, "இதோ பாருங்கள்" என்று தானே மேடை போட்டுக் காட்டியது. கடை விரித்துவிட்டால் வாடிக்கையாளர் தட்டிப் பார்க்கத்தான் செய்வார். ஜி.டி.ஏ.யின் படங்களோ பட்டறைக்குள்ளிருந்து திருடி வரப்பட்டவை.

நம் தமிழ் சினிமாவும் இரண்டையும் அனுபவித்திருக்கிறது. 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியான '2.0' படத்தின் முதல் தோற்றத்தை 2016 நவம்பர் 20-ந் தேதி நம் அந்தேரி யஷ்ராஜ் ஸ்டூடியோவில்தான் வெளியிட்டார்கள். அது முறைப்படி காட்டியது. கிராபிக்ஸ் வேலை இழுத்துக்கொண்டே போக, 2018 மார்ச்சில் டீசர் திருட்டுத்தனமாகக் கசிந்தது. முறையான டீசர் செப்டம்பரில்தான் வந்தது. படம் நவம்பர் 29-ந் தேதி வெளியானது.

ரசிகர்களின் எதிர்ப்பால் நன்மை விளைந்ததும் உண்டு. 'சோனிக்' என்ற பழைய வீடியோ கேமை வைத்து ஹாலிவுட்டில் எடுத்த படத்தின் முன்னோட்டம் 2019 ஏப்ரல் இறுதியில் வந்தது. அந்த நீல நிற முள்ளெலிக்கு மனிதப் பல்லும் சின்னக் கண்ணும் வைத்திருந்தார்கள். சிறு வயதிலிருந்து அதனோடு வளர்ந்தவர்கள் பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே இயக்குநர், மாற்றுகிறோம் என்று ஒப்புக்கொண்டார். வெளியீடு மூன்று மாதம் தள்ளி 2020 பிப்ரவரியில் வந்த படம் நன்றாக ஓடியது. அங்கே ரசிகர்கள் சொன்னது, "இது எங்கள் சோனிக் இல்லை" என்ற குறிப்பான குறை. "குப்பை" என்று வெறுமனே சொல்லியிருந்தால் எதை மாற்றுவது?

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. 'நாயகன்' (1987), 'காலா' (2018) இரண்டு படங்களுக்கும் தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டார்கள் என்பது தெரிந்ததே. 2018 நவம்பரில் வந்த 'ஹிட்மேன் 2' என்ற விளையாட்டோ, டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் உட்கார்ந்துகொண்டு மும்பையையே கம்ப்யூட்டரில் கட்டியது. குடிசைச் சந்து, சலவைத் துறை, ரயில் பெட்டிகள், முடியாத ஒரு மாடிக் கட்டடம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? தாவூத் ரங்கன்! நம் மாதுங்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் ஒரு மாமியிடம் அந்தப் பெயரைக் காட்டியிருந்தால், "தாவூதும் ரங்கனும் எப்படியப்பா ஒரே ஆள் ஆனார்கள்?" என்று சிரித்திருப்பார். பாதி வேலையில் காட்டுவதில் பயன் இருக்கிறது. யாருக்குத் தெரியுமோ அவரிடம் காட்ட வேண்டும். அவரும் மாற்றக்கூடியதைச் சொல்ல வேண்டும்.

திருடியவன் யார்?

பெற்றோர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இது. அத்தனை பெரிய நிறுவனத்துக்குள் புகுந்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த 17 வயதுப் பையன். வேறு கம்ப்யூட்டர் குற்றங்களுக்காக ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவன். போலீஸ் அவனை ஒரு ஹோட்டல் அறையில் தங்க வைத்து, அவன் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டது. அந்த அறை டி.வி., அதில் செருகும் ஒரு சிறு கருவி, ஒரு மொபைல் போன் இவற்றை வைத்தே அவன் வேலையை முடித்தான் என்று லண்டன் நீதிமன்றத்தில் கூறப்பட்டது. இதனால் 50 லட்சம் டாலரும் ஊழியர்களின் ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பும் வீணாயின என்று நிறுவனம் தெரிவித்தது.

அவனுக்குக் கடுமையான ஆட்டிசம் இருந்ததால் வழக்கமான விசாரணைக்குத் தகுதியற்றவன் என்று மருத்துவர்கள் கருதினார்கள். செயலைச் செய்தது அவன்தானா என்பதை மட்டும் ஜூரிகள் முடிவு செய்தார்கள். 2023 டிசம்பரில், காலவரையறை இல்லாமல் பாதுகாப்பான மருத்துவமனையில் வைக்க நீதிபதி உத்தரவிட்டார். அவனால் இனி ஆபத்தில்லை என்று முடிவாகும் வரை அங்கேதான். முதல் படம் பார்க்க ஆவலாக இருந்த கோடிக்கணக்கானோர் அந்த வீடியோக்களை ஓடவிட்டு ரசித்தார்கள். பையன் ஒருவன் வாழ்க்கை பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

இங்கும் சட்டம் லேசானதல்ல. 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் மற்றவர் கம்ப்யூட்டருக்குள் தீய நோக்கத்தோடு புகுந்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "என் பையன் கம்ப்யூட்டரில் புலி" என்று பெருமைப்படும்போது, புலி எந்தக் காட்டில் திரிகிறது என்றும் கேட்டு வைப்பது நல்லது.

நம்மவர்களின் உழைப்பு

இந்த விளையாட்டுகளை யாரோ வெள்ளைக்காரர்கள் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ராக்ஸ்டார் நிறுவனம் 2016-லேயே பெங்களூரில் கிளை தொடங்கியது. 1997-ல் அதே ஊரில் தொடங்கிய 'துருவா இன்டராக்டிவ்' என்ற முன்னோடி நிறுவனத்தை 2019-ல் விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டது. நம் மும்பையிலேயே கேம்இயான் என்ற நிறுவனம் 'மும்பை கல்லீஸ்' என்ற விளையாட்டை அறிவித்தபோது, அதன் ஆரம்பப் படங்களைக் கண்டவர்கள் உடனே ஜி.டி.ஏ.யோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தையும் கையளவு ஆட்களோடு தொடங்கியவர்களையும் ஒரே தராசில் நிறுத்தினால் நியாயமா?

புனேயில் ஒரு சிறு குழு 'ராஜி' என்ற விளையாட்டைச் செய்தது. 2017-ல் பொதுமக்களிடம் இணையம் வழியே பணம் திரட்டப் பார்த்தார்கள்; இலக்கை எட்டவில்லை. ஆனாலும் கைவிடவில்லை. 2020-ல் 'ராஜி' வெளிவந்தபோது, அதன் ராஜஸ்தான் அரண்மனைகளும், நம் தோல்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழல் பொம்மைக் காட்சிகளும் வெளிநாடுகளிலும் பாராட்டுப் பெற்றன.

அந்தேரி, கோரேகாவ், மாலாட் பக்கம் உள்ள கிராபிக்ஸ் ஸ்டூடியோக்களுக்கு, செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் காலை ரயிலில் கிளம்பும் நம் பிள்ளைகள் பலர். அனிமேஷன் கோர்ஸ் கட்டணத்துக்காக அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்திருப்பார். ஒரு மேகத்தின் ஓரத்தைச் சரிசெய்யவே மூன்று இரவு உட்கார்ந்திருப்பான். அவன் செய்த பாதி வேலையை யாரோ திருடி ஊருக்குக் காட்ட, ஊர் சிரித்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? போனில் ஒரு நொடியில் தட்டும் "குப்பை" என்ற சொல் கடைசியில் அப்படி ஒருவன் மேல்தான் விழுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

ஆறாம் பாகத்தின் வெளியீட்டை முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரில் அதையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்பிலும் ரசிகர்கள் கொதித்தார்கள். வேகாத சோற்றை இறக்குவதைவிட அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பதே மேல் என்று வீட்டில் யாராவது எடுத்துச் சொல்லலாம்.

விளையாட்டு வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கும் பிள்ளைக்கு வயது 18 ஆகாவிட்டால், "இது உனக்கானதல்ல" என்று தயங்காமல் சொல்லுங்கள். திட்டுவதோடு நிறுத்தாமல், இது எப்படித் தயாராகிறது என்று பேச்சுக் கொடுங்கள். கோலத்தையும் கும்பார்வாடாவையும் உதாரணம் காட்டினால் அவர்களுக்கே ஆர்வம் வரும். கசிந்த படத்தை அனுப்பும் நண்பனுக்கு, அதை மேலும் நாலு பேருக்கு அனுப்பாமல் இருப்பதே நல்ல பதில் என்றும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று நம் பெரியவர்களுக்கு. மகளோ மகனோ பாதி வரைந்த படத்தையோ, ஓடாத ஒரு சின்ன கம்ப்யூட்டர் புரோகிராமையோ கொண்டுவந்து நீட்டினால், "இது என்ன கிறுக்கல், போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்ட வேண்டாம். "அடுத்து இதில் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காது கொடுங்கள்.